சாவியைக் கொடுக்கும் முன்

சென்னை நகரின் நடுவிலுள்ள பழைய கட்டடங்களைக் காலி செய்யும் நிறுவனங்களைப் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

*

மவுண்ட் ரோட்டிலும் பாரிமுனையிலும் பழைய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. வாடகை ஏறியதுதான் காரணமா?
– வாசகர், திருவல்லிக்கேணி

சொந்தக் கட்டடத்தில் இருந்தவர்களும் கிளம்பினார்களே! இது நேற்று தொடங்கிய பழக்கமும் அல்ல. கிறித்துவக் கல்லூரி 1937இல் எஸ்பிளனேடை விட்டுத் தாம்பரம் போனது. பச்சையப்பன் கல்லூரி 1940இல் சேத்துப்பட்டுக்குப் போனது. கொத்தவால்சாவடியின் மொத்தக் காய்கறி வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்கும், மத்தியச் சிறை 2006இல் புழலுக்கும், காவல் ஆணையர் அலுவலகம் 2013இல் எழும்பூரிலிருந்து வேப்பேரிக்கும் மாறின. 2018இல் சட்டக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்தைக் காலி செய்து பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்குமாகப் பிரிந்தது. இவர்களில் யாரும் வாடகைக்குப் பயந்து போனவர்கள் இல்லை. இடம் போதவில்லை, வண்டி வந்து திரும்ப வழியில்லை, கூட்டம் தாங்கவில்லை.

தனியார் நிறுவனங்களுக்கு வேறு தலைவலிகள் உண்டு. 15 அடி உயரக் கூரையுள்ள ஹாலைக் குளிரவைக்க வரும் கரண்ட் பில், லிஃப்ட் வைக்கக் குழி தோண்ட முடியாத தரை, விளக்கும் விசிறியும் மட்டுமே இருந்த காலத்து ஒயரிங், இரண்டாவது மாடிப்படி இல்லாததால் கிடைக்காத தீயணைப்புத் துறைச் சான்று. பல இடங்களில் கடைசியாகச் சொன்னதுதான் முடிவைத் தள்ளிவிடுகிறது. வாடகையைப் பேசிக் குறைக்கலாம். மாடிப்படியைப் பேசி வரவழைக்க முடியாது.

ஒருவர் போன இடத்தில் இன்னொருவர் வந்து உட்கார்வதும் உண்டு. மவுண்ட் ரோடு பக்கத்து எக்ஸ்பிரஸ் எஸ்டேட் முதலில் மெட்ராஸ் கிளப்பின் இடம். பிறகு பத்திரிகை அலுவலகம். 2010 முதல் வணிக வளாகம். கட்டடத்துக்கு நல்லதா கெட்டதா என்பது யார் போனார்கள் என்பதைப் பொறுத்ததல்ல. போனவருக்கும் வந்தவருக்கும் நடுவே எத்தனை மழைக்காலம் கழிந்தது என்பதைப் பொறுத்தது. அடுத்த பதிலைப் பாருங்கள்.

*

எங்கள் அறக்கட்டளைக்குச் சொந்தமான சுண்ணாம்புக் கட்டடம் ஜார்ஜ் டவுனில் இருக்கிறது. அலுவலகத்தைக் கிண்டிக்கு மாற்றுகிறோம். கட்டடத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்க ஒரு வருடம் ஆகும். அதுவரை பூட்டி வைத்தால் போதுமா?
– அறங்காவலர் ஒருவர், மண்ணடி

போதாது. பூட்டி வைத்த வருடத்தில்தான் இந்த வகைக் கட்டடம் கெடுகிறது.

முதலில் காப்பீட்டுப் பாலிசியை எடுத்துப் படியுங்கள். வழக்கமான தீ விபத்துப் பாலிசியில், கட்டடம் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் காப்பீடு நின்றுவிடும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். காலி செய்வதற்கு முன்பே கம்பெனிக்கு எழுதி, அவர்களுடைய சம்மதத்தைப் பாலிசியில் குறித்து வாங்கிக்கொள்ள வேண்டும். தீப்பிடித்த பிறகு எழுதினால் பயன் இல்லை.

அடுத்தது மொட்டை மாடி. பொறியாளர்கள் மெட்ராஸ் டெரஸ் என்றும் கொத்தனார்கள் கட்டைக்குத்து மாடி என்றும் சொல்லும் கூரைதான் உங்களுடையது. தேக்கு உத்தரம், அதன்மேல் கட்டைகள், கட்டைகளின்மேல் சன்னச் செங்கலைக் குத்துக்கல்லாகச் சாய்கோணத்தில் சுண்ணாம்பு வைத்து அடுக்கியிருப்பார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி இறுக்கிய கனம், எல்லாவற்றுக்கும் மேலே தட்டையான ஓடு. சரியாகப் பராமரித்தால் நூறு வருடம் தாங்கும். ஆனால் தண்ணீர் தேங்கினால் தாங்காது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. வடிகுழாய் வாயில் ஒரு பாலிதீன் பையும் நாலு அரச இலையும் போதும். 20 அடிக்கு 30 அடி மாடியில் 4 அங்குலம் தண்ணீர் நின்றால் ஐந்தரை டன்னுக்கு மேல் பாரம். பாரத்தைக்கூடச் சில நாள் சுமந்துவிடும். ஊறும் ஈரம்தான் மெதுவாகக் கொல்லும். கட்டையின் நடுப்பகுதி காற்றோட்டத்தில் இருக்கிறது. சுவருக்குள் புதைந்த நுனிக்குக் காற்று கிடையாது. அந்த நுனிதான் முதலில் உளுத்துப்போகும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கட்டை நன்றாகவே தெரியும். அதை நம்பாதீர்கள். ஏணி போட்டு, சுவரை ஒட்டிய இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் நுனி போய்விட்டது. ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நூல் கட்டிப் பிடித்தால் தொய்வும் தெரிந்துவிடும்.

உளுத்த கட்டைக்குத் தற்காலிக முட்டு கொடுக்கச் சவுக்குக் கம்பம் போதும். மேலேயும் கீழேயும் பலகை வையுங்கள். இதில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது: இரண்டாவது மாடிக் கூரைக்கு முட்டு கொடுத்துவிட்டு முதல் மாடியைச் சும்மா விட்டுவிடுவார்கள். மேல் மாடியின் பாரம் அப்போது முதல் மாடிக் கட்டைமேல் புள்ளியாக இறங்கும். முட்டுக்குக் கீழே முட்டு, அதற்குக் கீழே முட்டு என்று தரைவரை வர வேண்டும்.

வார்ப்பிரும்பு மழைநீர்க் குழாய்கள் காலிக் கட்டடத்தில் முதலில் திருடுபோகும் சாமான். இரும்புக்கடையில் எடைக்குப் போகிறது. குழாய் போனதும் மாடித் தண்ணீர் நேராகச் சுவரில் வழியும். ஒரே மழைக்காலத்தில் பூச்சு பெயர்ந்து, இடுக்கில் அரசும் ஆலும் முளைக்கும். எட்டும் உயரம்வரை இரும்புக் குழாயைக் கழற்றி உள்ளே பத்திரப்படுத்திவிட்டு, அந்தப் பகுதிக்கு பிவிசி குழாய் மாட்டுங்கள். பார்க்க அசிங்கம்தான், ஆனால் யாரும் திருட மாட்டார்கள். முளைத்த செடியைப் பிடித்து இழுக்கவும் கூடாது. வேர் செங்கலோடு வரும். வேர் விரல் பருமனுக்குள் இருக்கும்போதே செங்கல் இணைப்பைத் திறந்து முழு வேரையும் எடுத்து, சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும்.

மின் இணைப்பைச் சரண்டர் செய்துவிடாதீர்கள். திரும்ப வாங்குவது பெரும்பாடு. பழைய ஒயரிங் முழுவதையும் மெயினில் துண்டித்துவிட்டு, காவலாளி அறை, மோட்டார், வாசல் விளக்கு ஆகியவற்றுக்கு மட்டும் புதிதாக ஒரு தனி லைன் இழுத்து, மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கர் போடுங்கள்.

எல்லா ஜன்னலையும் இறுக மூடுவதும் தவறு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும் சுவர். காற்று நின்றால் பூஞ்சையும் கரையானும் வந்துவிடும். எதிரெதிரே இரண்டு ஜன்னல்களைத் திறந்து, புறா நுழையாமல் வலை அடியுங்கள். மேல்தொட்டியைக் காலி செய்யுங்கள்: கொசுவும் வராது, பாரமும் குறையும். கழிவறை வளைகுழாய்களில் வாரம் ஒரு வாளி ஊற்றாவிட்டால், உள்ளிருக்கும் தண்ணீர் வற்றிக் கரப்பானும் நாற்றமும் மேலே வரும்.

காவலாளிக்கு வாசலில் நாற்காலி மட்டும் போட்டுக் கொடுத்தால் அவர் வாசலை மட்டுமே காப்பார். தினம் மாடி ஏறி வடிகுழாய் வாயைப் பார்த்து நோட்டில் நேரம் எழுதுவதை அவர் வேலையில் சேருங்கள். முடிந்தால் ஜனவரி, பிப்ரவரியில் காலி செய்யுங்கள். மாடி வேலைக்குக் கோடை முழுவதும் கையில் இருக்கும். ஆகஸ்டில்தான் முடியும் என்றால், அக்டோபர் 15க்குள் மாடி வேலை முடிந்திருக்க வேண்டும்.

*

பூச்சு உதிர்ந்த இடங்களுக்குச் சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செலவும் குறைவாம்.
– அதே அறங்காவலர்

வேண்டாம். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். பின்னால் இருக்கும் மென்மையான செங்கல் உப்புப் பூத்து மாவாகும். இரண்டு மூன்று வருடத்தில் சிமென்ட் பூச்சு செங்கலின் முகத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும்.

சுண்ணாம்பை நீற்றி, குறைந்தது இரண்டு வாரம் தண்ணீரில் ஊறவிடுங்கள். ஒரு மாதம் என்றால் இன்னும் நல்லது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு சலித்த ஆற்று மணல். கடுக்காயை நசுக்கி, வெல்லத்துடன் தனித் தொட்டியில் பத்துப் பதினைந்து நாள் ஊறப்போட்டு, அந்த நீரை வடிகட்டிக் கலவைக்கு ஊற்றுங்கள். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூசாதீர்கள். பூசிய இடத்தில் ஈரக் கோணிப்பை தொங்கவிட்டு ஒரு வாரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகமாக உலர்ந்தால் மயிரிழை வெடிப்பு வரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரிடம் கொடுங்கள். சிமென்ட் கொத்தனார் அவசரத்தில் கலவையில் ஒரு சட்டி சிமென்டைத் தெரியாமல் சேர்த்துவிடுவார்.

*

எங்கள் சங்கத்தில் சுமார் 12,000 புத்தகங்கள், எண்பது வருட மினிட் புத்தகங்கள், கணக்குப் பேரேடுகள். முதல் மாடியிலிருந்து வேறு இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது?
– சங்கச் செயலாளர், சௌகார்பேட்டை

எடையில் தொடங்குங்கள். புத்தகத்துக்குச் சராசரி 600 கிராம் வைத்தால் ஏழு டன்னுக்கு மேல். ஒரு பெட்டியில் 12 முதல் 15 கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது. மரப்படியில் அதைத் தூக்கிக்கொண்டு இறங்குபவரின் முதுகையும், பெட்டியின் அடிப்பாகத்தையும் கணக்கில் வைத்துச் சொல்கிறோம். அந்தக் கணக்கில் 500க்கு மேல் பெட்டிகள் வேண்டியிருக்கும். பழக்கடைப் பெட்டிகளை வாங்காதீர்கள். அதோடு பூச்சியும் வரும்.

பெட்டி வாங்குவதற்கு முன்பே புதிய இடத்தின் தரை என்ன தாங்கும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சாதாரண அலுவலகத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 250 முதல் 400 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். நூலக அடுக்கறைக்கு இந்தியத் தர நிர்ணயம் 600 கிலோ கேட்கிறது, அதுவும் 2.2 மீட்டர் உயர அலமாரிக்கு. உயரம் கூடினால் பாரமும் கூடும். சக்கரத்தில் நகரும் நெருக்க அலமாரி வேண்டுமென்றால் தரைத்தளத்தைத் தவிர வேறெங்கும் யோசிக்க வேண்டாம்.

அடுக்கி எடுக்கும் வரிசைதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒவ்வொரு அலமாரியையும் தட்டு தட்டாகப் படம் எடுங்கள். அலமாரிக்கு எழுத்து, தட்டுக்கு எண், பெட்டிக்கு இரண்டும்: ‘ஈ – 4 – 2/3’ என்றால் ‘ஈ’ அலமாரி, நாலாம் தட்டு, மூன்று பெட்டியில் இரண்டாவது. எண்ணைப் பெட்டியின் பக்கவாட்டில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் அடுக்கிய பிறகு தெரியாது. மூட்டை கட்டும் கம்பெனிக்காரர்கள் பெட்டி நிரம்புவதை மட்டுமே பார்ப்பார்கள், வரிசையைப் பார்க்க மாட்டார்கள். உங்கள் ஆள் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

சிறிய புத்தகங்களை நிறுத்தியும், பேரேடுகளைப் படுக்கவைத்தும் அடுக்குங்கள். கனத்த பேரேட்டை நிறுத்தினால் அதன் எடையே தையலை அறுத்துவிடும். ஒரு பெட்டிக்கு மூன்றோ நாலோ போதும். ரப்பர் பேண்டு, செல்லோ டேப் கூடாது. உடைந்த அட்டையைப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். ஈரம் பட்ட தாள்களை வெயிலில் போடாமல் நிழலில் விசிறிக்கு அடியில் விரியுங்கள். புழு தின்ற புத்தகங்களைத் தனியாகப் பிரித்து, பாலிதீனில் கட்டி, கடைசி வண்டியில் ஏற்றுங்கள். அவற்றைப் புதிய அலமாரியில் நேராக அடுக்கினால் பழைய இடத்துப் பூச்சியையும் நீங்களே குடியேற்றியது போலத்தான்.

உங்கள் தெருவில் லாரி நுழையாது. டாடா ஏஸ் மாதிரி வண்டியில் 750 கிலோ ஏற்றலாம். பத்து நடை ஆகும். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் கடைகள் திறப்பதற்குள் பாதி முடிந்துவிடும். மினிட் புத்தகங்களும் பத்திரங்களும் வண்டியில் போகக் கூடாது. பொறுப்பாளர் இருவர் கையெழுத்துப் போட்டுக் காரில் கொண்டுபோகட்டும்.

இடம் போதாமல் கழித்துவிடும் புத்தகங்கள் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடம் பட்டியலைக் காட்டுங்கள். 1950க்கு முந்தைய தமிழ்ப் பதிப்புகளில் எது அரிது என்பதை எடைக்கடைக்காரரும் நீங்களும் தீர்மானிக்க வேண்டாம்.

*

பழைய கட்டடம் என்றாலே இடிக்கக் கூடாதா? எங்கள் கட்டடம் பட்டியலில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், புரசைவாக்கம்

வயதானதாலேயே ஒரு கட்டடத்துக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. நீதிபதி பத்மநாபன் குழு சென்னையில் 467 பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டது. அதில் இருந்தால், இடிக்கவோ முகப்பை மாற்றவோ சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். திட்ட அனுமதி கேட்பதற்கு முன்பே கட்டடத்தின் பெயர், சர்வே எண், தெருப் பெயர் மூன்றையும் வைத்து சிஎம்டிஏவில் எழுதிக் கேளுங்கள். தெருவும் கட்டடமும் பெயர் மாறியிருக்கும், எனவே பழைய பெயர்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதற்கு முன்னுதாரணம் மவுண்ட் ரோட்டின் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம். ஜே.எச். ஸ்டீபன்ஸ் வடிவமைத்து 1897இல் கட்டியது. அப்போது பெயர் கார்டைல் பில்டிங். உரிமையாளரான எல்ஐசி 2006இல் இடிக்கத் தொடங்கியதும், பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டது. 2010இல் உயர் நீதிமன்றம் இடிப்பைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. இடிப்பது நின்றது, ஆனால் பாதி சிதைந்த கட்டடம் அதன் பிறகும் நீண்ட காலம் காலியாகவே கிடந்து நனைந்தது. மழையை நிறுத்தத் தீர்ப்பால் ஆகாது.

கோட்டை போலத் தொல்லியல் துறையின் நேரடிப் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு விதி வேறு: சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும்.

*

காலியான கட்டடத்தை நல்லபடி பயன்படுத்திய உதாரணம் சென்னையில் உண்டா?
– வாசகி, அயனாவரம்

எழும்பூர் பழைய காவல் ஆணையர் அலுவலகம். 1842இல் கட்டியது. 2021இல் காவல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அருங்காட்சியகத்துக்குப் பெரிய லிஃப்டோ, கனத்த மின்சுமையோ, புதுக் குழாய்களோ அதிகம் தேவையில்லை, ஆகவே சுவரை அதிகம் உடைக்க வேண்டியிருக்கவில்லை. சேப்பாக்கம் கல்சா மகால் 2012 ஜனவரியில் எரிந்தது. அதைச் சீரமைத்து, பசுமைத் தீர்ப்பாயத்துக்குக் கொடுத்தார்கள். மத்தியச் சிறைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, 2009இல் இடித்துவிட்டார்கள்.

பழைய கட்டடத்துக்குப் புது வேலை தேடும்போது ‘இந்த வேலைக்கு எத்தனை கழிவறை வேண்டும்?’ என்று முதலில் கேளுங்கள். நனையும் அறைகள் கூடக் கூட மரத்தளத்துக்கு ஆயுள் குறையும். விடுதி, மருத்துவமனை வேண்டாம். நூலகம், அலுவலகம், வகுப்பறை, கடை சரிவரும்.

*

அறுபது வருடம் வாடகைக்கு இருந்த இடம். நாங்கள் செலவழித்துப் போட்ட தேக்கு அலமாரி, சுவர்க் கடிகாரம், அடிக்கல் பலகை எல்லாவற்றையும் எடுத்துப் போகலாமா?
– கடை உரிமையாளர், அண்ணா சாலை

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். எழுதவில்லை என்றால், சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி நீங்கள் பொருத்தியதை நீங்கள் கழற்றலாம். இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு: இடம் உங்கள் வசம் இருக்கும்போதே கழற்ற வேண்டும், பெற்ற நிலையிலேயே இடத்தைத் திருப்ப வேண்டும். சாவியைக் கொடுத்த மறுநாள் போய்க் கடிகாரத்தைக் கேட்டால் உரிமை இல்லை. அலமாரியைக் கழற்றும்போது சுவரில் விழும் ஓட்டையை அடைப்பதும் உங்கள் செலவு. கட்டடம் கட்டியவர் வைத்த அடிக்கல் உங்களுடையது அல்ல. ஒரு பிரதி எடுத்து புதுக் கடையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

*

பதிவு அலுவலகத்தை பாரிமுனையிலிருந்து மாற்றினால் எங்கெல்லாம் தெரிவிக்க வேண்டும்?
– கணக்காளர், பெரம்பூர்

கம்பெனி என்றால், சென்னை மாநகர எல்லைக்குள் மாற இயக்குநர் குழுத் தீர்மானம் போதும். ஸ்ரீபெரும்புதூர் போல எல்லைக்கு வெளியே என்றால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். இரண்டிலும் 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் ஐஎன்சி-22 படிவம். கோவைப் பதிவாளர் எல்லைக்குள் போவதானால் மண்டல இயக்குநர் ஒப்புதலும் வேண்டும். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். ஜிஎஸ்டியில் 15 நாளுக்குள் ரெக்-14 படிவம். வாசல் பலகை, லெட்டர்ஹெட், பில் புத்தகம் மூன்றிலும் பழைய முகவரி இருந்தால் அதுவும் குற்றமே. நிறையப் பேர் பில் புத்தகத்தைத்தான் மறக்கிறார்கள்.

*

என் வங்கிக் கிளை பழைய கட்டடத்தைக் காலி செய்கிறது. லாக்கர் என்ன ஆகும்?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, சிந்தாதிரிப்பேட்டை

ரிசர்வ் வங்கியின் 2021 விதிப்படி, லாக்கரை இடம் மாற்றும்போது குறைந்தது இரண்டு மாதம் முன்பே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு நாளிதழ்களிலும் அறிவிக்க வேண்டும். அதில் ஒன்று உள்ளூர் மொழி இதழ். தொடர்வதா மூடுவதா என்பது உங்கள் விருப்பம். தொடர்வதானால், இடம் மாற்றும் நாளுக்கு முன் போய்த் திறந்து, நகைகளைப் படம் எடுத்துப் பட்டியல் எழுதி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது. புதிய இடத்தில் முதல் நாளே போய் இன்னொரு முறை திறந்து சரிபாருங்கள். வாரிசு நியமனம் செய்யாமல் விட்டிருந்தால் அதற்கும் இதுவே வேளை. தீ, திருட்டு, கட்டடம் இடிந்து விழுதல், வங்கி ஊழியர் மோசடி ஆகியவற்றால் நஷ்டம் வந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான்.

*

போன வேகத்தில் திரும்பி வந்த நிறுவனம் உண்டா?
– வாசகர், ராயப்பேட்டை

உண்டே, தமிழ்நாடு சட்டமன்றம்! 2010 மார்ச்சில் ஓமந்தூரார் தோட்டத்துப் புதுக் கட்டடத்துக்குத் திறப்பு விழா. 2011இல் ஆட்சி மாறியதும் மீண்டும் கோட்டைக்கே திரும்பினார்கள். புதுக் கட்டடம் 2014இல் பன்னோக்கு மருத்துவமனை ஆனது.

*

நிறுவனம் போய் வருடங்கள் ஆகியும் கடிதம் பழைய முகவரிக்கே வருகிறதே?
– சபா செயலாளர், மயிலாப்பூர்

பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்தில் புதிய முகவரியை எழுதிக் கொடுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குக் கடிதங்களை அங்கே திருப்பிவிடுவார்கள். காலம் முடிவதற்குள் நீட்டிக்க மறக்காதீர்கள். கூகுள் மேப்ஸில் பழைய இடத்தை ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று போடாமல் ‘இடம் மாறியது’ என்று குறியுங்கள். முந்தையதைப் போட்டால் நீங்கள் கடையையே மூடிவிட்டதாக ஊர் நினைக்கும். பழைய வாசலில் தகரப் பலகை ஒன்று, நாலடிக்கு மூன்றடி, புது முகவரி, தொலைபேசி எண், பக்கத்து பஸ் நிறுத்தத்தின் பெயர். தரையிலிருந்து ஏழடி உயரத்தில் மாட்டுங்கள். அதற்குக் கீழே மாட்டினால் ஒரே வாரத்தில் அதன்மேல் போஸ்டர் ஒட்டிவிடுவார்கள்.